வண்டிச்சக்கரமும் தனிக்கொட்டடியும்

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு அட்வெந்து ஞாயிறுகளில் எங்கள் லுத்தரன் ஆலயத்தில் பச்சை வளையத்தின்மேல் வாரம் ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அப்போஸ்தலர் காலத்திலிருந்தே இருக்கும் வழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. தொடங்கிய இடமும் ஆலயம் அல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை ஒட்டிய ஹோர்ன் கிராமத்தில், யாருக்கும் வேண்டாத பிள்ளைகள் வளர்ந்த ஒரு விடுதி. மிஷன் போர்டிங்கில் வார்டனாக இருந்தே தலை நரைத்தவன் நான். அதனால் இந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

யோகான் ஹின்ரிச் விஹெர்ன் 1833-இல் அந்த விடுதியைத் திறந்தபோது அவருக்கு வயது 25. ஞாயிறு பள்ளி நடத்தப் போய், ஹாம்பர்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் பிள்ளைகள் கிடந்த கதியைப் பார்த்தவர். கார்ல் ஸீவெகிங் என்ற நகர அதிகாரி நிலத்தையும் கூரை வேய்ந்த ஒரு பழைய வீட்டையும் கொடுத்தார். ரௌஹெஸ் ஹவுஸ் என்பது அந்த வீட்டின் பெயர். திருடிப் பிடிபட்டவன், பிச்சையெடுத்துத் திரிந்தவன், வீட்டில் அடிபட்டே வளர்ந்தவன் என்று ஒவ்வொருவனாக வந்தான். விஹெர்ன் மதில் எழுப்பவில்லை. கதவைப் பூட்டி வைக்கவும் இல்லை. பழையதெல்லாம் மன்னித்தாயிற்று என்பதைப் பிள்ளை உள்ளே வந்ததும் முதலில் சொல்லிவிடுவார். எல்லோரையும் ஒரே கூடத்தில் அடைக்காமல், பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வீடு, அந்த வீட்டுக்கு ஓர் அண்ணன் என்று பிரித்து வைத்தார்.

டிசம்பர் வந்தால் பிள்ளைகள் அவரை நச்சரிப்பார்களாம், கிறிஸ்துமஸ் எப்போது என்று. போர்டிங் நடத்திய யாருக்கும் இது புதிதல்ல. “லீவுக்கு இன்னும் எத்தனை நாள் சார்?” குழாயடியில் கேட்பான், படிப்பு நேரத்தில் கேட்பான், விளக்கை அணைத்த பிறகு இருட்டில் பாயிலிருந்து அதே குரல் வரும். பன்னிரண்டு என்று சொன்னால் அடங்கமாட்டான். அவனுக்கு வேண்டியது எண் அல்ல. ஒன்று குறைந்துவிட்டது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

1839-இல் விஹெர்ன் செய்தது அதைத்தான். ஜெபக்கூடத்தில் ஒரு வண்டிச்சக்கரத்தைத் தொங்கவிட்டார். அதன்மேல் நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள், ஞாயிறுகளுக்கு. சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகள் இருபது, மற்ற நாட்களுக்கு. அந்த வருஷம் அட்வெந்து முதல் ஞாயிறு டிசம்பர் 1-ஆம் தேதியே வந்ததால் கணக்கு 24. மாலை ஜெபத்தில் ஒன்று கூடுதலாக எரியும். ஹாம்பர்க்கில் அந்த மாதம் நாலு மணிக்கே பொழுது அடைந்துவிடும். நாள் போகப்போகப் பகல் இன்னும் சுருங்கும். வெளியே இருட்டு ஏற ஏற, கூடத்துக்குள் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். எண்ணத் தெரியாத பொடியனுக்கும் எரியாத திரி எத்தனை என்பது தெரியும். ஜெபத்துக்கு அவர்கள் அடங்கி உட்கார்ந்ததன் ரகசியம் இதுதான் என்பேன். பொறுமையாக இரு என்று சொல்லி யாரும் அவர்களை அடக்கவில்லை. எல்லோரும் ஒன்றாகக் காத்திருந்தார்கள்.

ஊசியிலைக் கிளைகளைச் சுற்றியது பின்னால், 1860 வாக்கில். வீடுகளுக்குப் போனபோது 24 நாலாகச் சுருங்கியது. கத்தோலிக்க ஆலயத்தில் முதலில் தொங்கியது 1925-இல், கொலோன் நகரில்.

இதே விஹெர்ன் பிற்பாடு செய்த காரியம் ஒன்றை அட்வெந்துப் பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை. 1857-இல் பிரஷ்ய அரசின் சிறைச் சீர்திருத்தப் பொறுப்பை ஏற்றார். அப்படி அவர் பொறுப்பில் இருந்த பெர்லினின் மோவாபித் சிறை, லண்டன் பென்டன்வில் சிறையைப் பார்த்துக் கட்டியது. ஆளுக்கொரு கொட்டடி, பேச்சு கிடையாது, ஆராதனையில்கூடப் பக்கத்துக் கைதியின் முகம் தெரியாதபடி மரத்தடுப்பு. தனிமையில் விட்டால் மனம் திரும்பும், ஜெபம் வரும் என்ற நம்பிக்கை. விஹெர்னும் அதை நம்பினார். ரௌஹெஸ் ஹவுஸ் அண்ணன்மாரே அங்கே காவலர்களானார்கள். 1861-இல் ஹோல்ட்ஸென்டார்ஃப் என்ற சட்ட அறிஞர் அண்ணன்மாரின் இந்தச் சிறைப் பணியைத் தாக்கி எழுதினார். பிள்ளைகளுக்குப் பூட்டில்லாத வீடு கட்டியவர் எப்படித் தனிக்கொட்டடிக்கு இசைந்தார் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை நம் விடுதிகளிலும் உண்டு. சண்டை போட்ட பையனை ஜெப அறையில் தனியாக முழங்காலிட வைப்பார்கள். உள்ளே அவன் சுவரில் போகும் எறும்பை எண்ணிக்கொண்டிருப்பான்.

1943 ஜூலையில் ஹாம்பர்க்மேல் விழுந்த குண்டுகளில் ரௌஹெஸ் ஹவுஸின் பெரும்பகுதி நாசமானது. அந்த நவம்பரில், பெர்லினின் டேகல் சிறையிலிருந்து லுத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்ததால் உள்ளே போனவர். சிறைக்கொட்டடி அட்வெந்தைப் போன்றது, கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்று அதில் சொல்கிறார். அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகளுக்காகச் சில ஜெபங்களையும் எழுதினார். காலை ஜெபத்தின் தொடக்கத்திலேயே, சிந்தனையைக் கடவுள்பால் திருப்பத் தன்னால் தனியாக முடியவில்லை, உதவி வேண்டும் என்று கேட்கிறார். தனிக்கொட்டடியில் இருந்த ஒருவர், மற்ற கொட்டடிக்காரர்களும் சொல்லட்டும் என்று எழுதியது இது.

அவருடைய அண்ணன் கிளவுஸ் 1944 அக்டோபரில் கைதாகி, அந்த வருஷத்து அட்வெந்தை மோவாபித்தின் அதே பழைய சிறையில் கழித்தார். அடுத்த ஏப்ரலில் இருவரையும் நாஜிகள் கொன்றார்கள். 1950-களில் அந்தச் சிறையை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு பூங்கா. ரௌஹெஸ் ஹவுஸ் ஹோர்னிலேயே மறுபடி எழுந்து இன்றும் நடக்கிறது.