பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரு பாடப் புத்தகம்

பரீட்சைக்கு முன்னால் பிள்ளையார்பட்டிக்குப் போய் வராதவர் நம்மில் அதிகம் பேர் இருக்க முடியாது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் அதுவும் ஒன்று. அவர்களுடைய கணக்கேட்டிலும் முதலில் பிள்ளையார் சுழிதான். அந்தச் சுழிக்குக் கீழே இருந்த பாடத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை. பொறியாளனுக்குப் பொருளாதாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது, நண்பர்களே!

பொருளாதாரம் என்றவுடன் ஆடம் ஸ்மித், மார்ஷல் என்கிறோம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் அவற்றைப் படித்துவிட்டுக் கப்பல் ஏறவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். பெட்டியடிப் பையனாக இருந்து பேரேடு எழுதப் பழகினார்கள்.

அந்தப் பாடத்தின் நயத்தைப் பாருங்கள். முந்திரி என்பது 1/320. 4 முந்திரி ஒரு காணி (1/80). 4 காணி ஒரு மா (1/20). மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. ரூபாய்க்கு 16 அணா. ஆக, ஓரணா என்பது ரூபாயில் மாகாணி! வட்டிக் கணக்கு வாயிலேயே முடிந்துவிடும். 1957-ல் நயா பைசா வந்ததும் இந்த வாய்ப்பாட்டுக்கு வேலை போயிற்று. சுவடிகள் பரணுக்குப் போயின. பரணிலிருந்து பல பழைய பேப்பர் கடைக்கும் போயின.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் நூல்கள், இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று சுமார் 1 லட்சம் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. ஆனாலும் அது கடல் கடக்கவில்லை. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. முதலில் மைக்ரோஃபிலிம், பிறகு டிஜிட்டல் என்று அங்கே வேலை நடந்தது.

இனி என் துறைக்கு வருகிறேன். ஸ்கேன் செய்தால் கிடைப்பது வெறும் படம். அதற்குள் தேட வேண்டுமானால் எழுத்தாக்க வேண்டும். பழைய பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் 2019-ல்தான் இடம் கிடைத்தது. குறி கிடைத்துவிட்டது; கையெழுத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமே! ஸ்கேனர் அடுத்த வருஷமும் கிடைக்கும். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் அதுவரை இருப்பார்களா?

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் எண்சுவடியோ பேரேடோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊர், எந்த வருஷம், யார் கணக்கு என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பக்கம் விடாமல் வரிசையாகப் படம் எடுங்கள். பிறருடைய கடன் விவரமும் இருக்கும், குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முக்கியமாக, பெரியவர்களை வாசிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். தம்பி தங்கைகள் கைகொடுத்தால் நம் சங்கமே இந்த வேலையைத் தொடங்கலாம்.