குறுமூச்சுக்கு அளவெடுத்த பாட்டு

2019-இல் வந்த 'ஜோக்கர்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ரயில் காட்சி நினைவிருக்கும். கோமாளி வேஷம் கலைக்காத ஆர்தர் ஓரமாக உட்கார்ந்திருப்பான். எதிரில் கோட்டும் டையுமாக மூன்று பேர். அவர்களில் ஒருவன் போதையில் ஆடிக்கொண்டே ஒரு பழைய பாட்டைப் பாடி அவனைச் சீண்டுவான். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அதே பாட்டு ஃபிராங்க் சினாட்ராவின் குரலில் வரும். பாட்டின் பெயர் 'சென்ட் இன் த க்ளௌன்ஸ்'.

பெயரைக் கேட்டுவிட்டு இது சர்க்கஸ் பாட்டு என்று நினைத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவிலேயே ஏராளம். சர்க்கஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேடையில் காட்சி சொதப்பினால் கோமாளியை உள்ளே அனுப்பிச் சமாளி என்பது நாடகக்காரர்கள் பேச்சு. தன் சொந்த வாழ்க்கையே சொதப்பிவிட்ட ஒரு நாடக நடிகை அதைச் சொல்கிறாள். சொல்லும்போது அவள் படுக்கையறையில் இருக்கிறாள். எதிரில், அவளை இப்போதுதான் வேண்டாம் என்று சொன்ன ஆண்.

இந்தப் பாட்டை நூற்றுக்கணக்கானவர்கள் பாடியிருக்கிறார்கள். புதிதாக ஒருவர் பாடும்போதெல்லாம் 'அவரைப் போல வருமா' என்று பேச்சு கிளம்பும். யாரை வைத்து யாரை அளப்பது என்பதில்தான் எனக்குத் தகராறு. அதற்குப் பாட்டு பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

1971-இல் இசையமைப்பாளர் ஸ்டீஃபன் சோண்ட்ஹைமும் தயாரிப்பாளர்-இயக்குநர் ஹரால்ட் பிரின்ஸும் சேர்ந்து 'ஃபாலீஸ்' என்ற பிரம்மாண்ட இசை நாடகத்தைப் பிராட்வேயில் போட்டார்கள். இன்று அதைக் காவியம் என்கிறார்கள். அன்று போட்ட முதல் மொத்தமும் போயிற்று. அடுத்ததாவது கையைக் கடிக்கக் கூடாது என்ற நிலை. இருவருக்கும் நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது: கிராமத்துப் பங்களா ஒன்றில், ஒரு வார இறுதியில், ஜோடிகள் மாறிக் குழம்பித் தெளிகிற ஒரு காதல் நாடகம். பிரெஞ்சு நாடகாசிரியர் ஜான் அனுயியின் நாடகம் ஒன்றைக் கேட்டுப் பார்த்தார்கள், உரிமை கிடைக்கவில்லை. பிறகு கண்ணில் பட்டது இங்மர் பெர்க்மன் 1955-இல் எடுத்த 'ஸ்மைல்ஸ் ஆஃப் எ சம்மர் நைட்'. துயரப் படங்களுக்குப் பேர்போன பெர்க்மன் எடுத்த அபூர்வமான நகைச்சுவைப் படம். அதைத் தழுவி ஹியூ வீலர் வசனம் எழுத, 'எ லிட்டில் நைட் மியூசிக்' உருவானது.

கதை 1900-ஐ ஒட்டிய ஸ்வீடனில் நடக்கிறது. ஃப்ரெட்ரிக் நடுவயது வக்கீல். பதினெட்டு வயதுப் பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். மாதங்கள் பல ஆகியும் அந்தப் பெண் அவரைக் கிட்டே நெருங்கவிடவில்லை. அவருடைய பழைய காதலி டெஸிரே, ஊர் ஊராகப் போய் நடிக்கும் நடிகை. அந்தக் காலத்தில் கல்யாணப் பேச்சுக்குப் பிடிகொடுக்காதவள் அவள்தான். இப்போது அலைச்சல் அலுத்துவிட்டது. ஃப்ரெட்ரிக்குடன் நிலைத்துவிடலாம் என்று அவளாகவே வருகிறாள். இந்த முறை மறுப்பது அவர்.

டெஸிரே வேஷத்துக்கு நல்ல நடிகை வேண்டும். நகைச்சுவை வர வேண்டும். கவர்ச்சியும் இருக்க வேண்டும். இத்தனையும் உள்ள ஒருத்திக்குப் பாட்டும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது என்று சோண்ட்ஹைமும் பிரின்ஸும் முதலிலேயே முடிவுகட்டிவிட்டார்கள். ஆகவே நாயகிக்குத் தனிப்பாட்டு என்று பெரிதாக எதுவும் திட்டமிடவில்லை. பிறகு அந்த வேஷத்துக்கு வந்தவர் கிளினிஸ் ஜான்ஸ். 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் குழந்தைகளின் அம்மாவாக, பெண்கள் ஓட்டுரிமைக் கொடி பிடித்துக்கொண்டு வருவாரே, அவர்தான். கரகரப்பும் மினுமினுப்பும் கலந்த சின்னக் குரல். சுருதி விலகாது. ஒரே ஒரு குறை: ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்த மூச்சு போதாது. இரண்டு மூன்று சொல் பாடினால் குரல் தானாக அடங்கிவிடும்.

ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் அங்கத்தில் அந்தப் படுக்கையறைக் காட்சி. வக்கீல் தன் மனதைத் திறந்து பேசுகிறார், டெஸிரே கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேசுகிறவர் ஆண் என்பதால் பாட்டும் ஆணுக்குத்தான் என்பது சோண்ட்ஹைமின் கணக்கு. அதற்கான பாட்டை எழுதவும் தொடங்கியிருந்தார். பிரின்ஸ் அவரை ஒத்திகைக்குக் கூப்பிட்டு, 'காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டு எழுது' என்கிற பாணியில் நடிக்கவைத்துக் காட்டினார். வசனம் ஆணுடையதாகவே இருந்தது. ஆனால் காட்சி முழுக்க அவள் முகத்தில் நடக்கும்படி பிரின்ஸ் அமைத்திருந்தார். அடிபட்டவள் அவள். பாட்டு அவளுடையதுதான் என்பது சோண்ட்ஹைமுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஒரு பாட்டுக்கு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிற மனிதர், இதை வெகு வேகமாக எழுதி முடித்துக் கொண்டுவந்தார்.

அவர் செய்த வேலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜான்ஸுக்கு மூச்சு குறைவு என்பதால் வரிகளைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினார். ஒரு துண்டு, ஒரு இடைவெளி. அடுத்த துண்டு, அடுத்த இடைவெளி. துண்டாக நறுக்கினால் அது கேள்வி கேட்கிற தொனிக்குத் தானாக வந்துவிடுகிறது. ஆகவே பாட்டு நெடுக அவள் கேள்வி கேட்கிறாள். நாம் நல்ல ஜோடிதானே என்கிற ஏளனமான கேள்வி, இவ்வளவு தாமதமாகவா எனக்குப் புத்தி வரவேண்டும் என்கிற கேள்வி. பதில் வராது என்று தெரிந்தே கேட்கிற கேள்விகள். அதோடு நில்லாமல், பல வரிகளை வாயைச் சட்டென்று அடைக்கிற மெய்யொலிகளில் கொண்டுபோய் முடித்தார். திறந்த உயிரொலியில் முடிந்தால் பாடகி இழுத்தாக வேண்டும். இழுத்தால் ஜான்ஸின் குட்டு வெளிப்படும். இந்த ஏற்பாட்டில் இழுக்க இடமே இல்லை.

தாளத்திலும் ஒரு வேலை இருக்கிறது. இந்த நாடகத்தின் இசை அநேகமாக முழுக்க மும்மை எண்ணிக்கையில் ஓடுவது, வால்ட்ஸ் நடனத்தின் நடை. நம் ஆட்கள் திஸ்ரம் என்பார்கள். இந்தப் பாட்டில் நான்கு மும்மை கொண்ட அளவும் மூன்று மும்மை கொண்ட அளவும் மாறி மாறி வருகின்றன. கேட்பவர் எண்ணிக்கொண்டிருக்கமாட்டார். ஆனால் எதிர்பார்த்த இடத்தில் கால் படாமல் லேசாகத் தடுக்குகிற உணர்வு இருந்துகொண்டே இருக்கும். நிதானம் இழக்காமல் பேச நினைத்து முடியாமல் போகிறவளின் நடை அது. உடன் வாசிக்கும் பியானோக்காரர் அசந்தால் மாட்டிக்கொள்வார்.

இன்னொன்று, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பாட்டின் நடுவே, கடைசி அடிகளுக்கு முன்னால், ஃப்ரெட்ரிக் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அறையைவிட்டு வெளியேறிவிடுகிறார். அதுவரை அவருக்காகப் பாடியவள், மீதியைத் தனியாகப் பாடுகிறாள். நாடகத்தில் இது கண்ணுக்குத் தெரியும். இசைத்தட்டில் தெரியாது.

1973 பிப்ரவரி 25 அன்று ஷூபர்ட் அரங்கில் நாடகம் அரங்கேறியது. 601 காட்சிகள் ஓடியது. சிறந்த இசை நாடகம் உட்பட ஆறு டோனி விருதுகள். ஜான்ஸுக்கும் சிறந்த நடிகைக்கான டோனி. மூச்சு இல்லாதவருக்கு இசை நாடகத்தில் முதல் பரிசு!

பாட்டு தெருவுக்கு வந்தது மற்றவர்கள் வழியாக. சினாட்ரா அதே 1973-இல் பதிவுசெய்தார். 1975-இல் நாட்டுப்பாடல் பாடகி ஜூடி காலின்ஸ் 'ஜூடித்' தொகுப்பில் பாடியது உலகம் சுற்றியது. 1976-இல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி கிடைத்தது. இத்தனைக்கும் காலின்ஸுக்கு வாத்திய அமைப்பு செய்தவர், நாடகத்துக்குச் செய்த அதே ஜானதன் டுனிக். ஆனாலும் பாட்டு வேறாகிவிட்டது. காலின்ஸின் குரல் தெளிந்த நீரோடை. துண்டுகளை எல்லாம் ஒட்டி ஒரே ஓட்டமாக்கிவிடுகிறது. கேட்க அவ்வளவு சுகம். டெஸிரேயின் எரிச்சல் மட்டும் காணாமல் போய், ஒரு பொதுவான சோகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மழைநாளில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கேட்கத் தோதான பாட்டு. குறைசொல்ல மனம் வரவில்லை. இந்தப் பதிவு இல்லாவிட்டால் பாட்டு நம் காதுவரை வந்திருக்காது.

சினாட்ராவிடம் வேறு விதம். ஆண் பாடுகிறார், வயதானவர் பாடுகிறார், அதனால் கதையே மாறுகிறது. ஆனால் சொல்லை எங்கே விடுவது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர். இடைவெளிகளை அவர் நிரப்பவில்லை. ஆகவே நாடகத்தில் கால் வைக்காமலே அதன் பக்கத்தில் வந்துவிடுகிறார்.

பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் விஷயம் சுவாரசியமானது. 1985-இல் 'த பிராட்வே ஆல்பம்' பதிவின்போது, பாட்டில் உணர்ச்சி ஓரிடத்தில் தாவுகிறது, இன்னும் சில வரி வேண்டும் என்று சோண்ட்ஹைமிடமே கேட்டார். அவரும் எழுதிக் கொடுத்தார். ஸ்ட்ரைசாண்டின் காது கெட்டிக்காரக் காது என்றுதான் சொல்வேன். தாவல் உண்மைதான். ஃப்ரெட்ரிக் அறையைவிட்டுப் போவது அந்த இடத்தில்தான். தட்டில் ஃப்ரெட்ரிக் இல்லை, அதனால் ஓட்டை தெரிகிறது. ஆனால் ஓட்டையை அடைத்த பிறகு அந்தக் குரல் செய்யும் காரியம் இருக்கிறதே! ஒவ்வொரு வரிமுடிவையும் பிடித்து, வளர்த்து, ஒளியேற்றி விடுகிறார். இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டிருப்பவளை எவன் வேண்டாம் என்று போவான்? அங்கேதான் எனக்கு நம்பிக்கை போய்விடுகிறது.

மேடைக்கே திரும்பினால், 2009 டிசம்பரில் நியூயார்க்கில் வால்டர் கெர் அரங்கில் ட்ரெவர் நன் இயக்கத்தில் நாடகம் மறுபடி வந்தது. டெஸிரேயாக கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ். டோனி விருதும் வாங்கினார். ஆனால் 2010 ஜூனில் விருது விழாவில் தொலைக்காட்சிக்காக இந்தப் பாட்டைப் பாடியபோது கேலி கிளம்பியது. கழுத்தைத் திருப்புகிறார், கையை வீசுகிறார், வரிக்கு வரி உணர்ச்சியைக் கொட்டுகிறார். அது கொஞ்சம் அநியாயமான கேலி. முன்னால் ஒரு ஃப்ரெட்ரிக் இல்லாமல், ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால், கதையைத் துண்டித்துப் பாடச் சொன்னால் எவருக்கும் கை எங்காவது போகத்தான் செய்யும். ஆனாலும் ஒன்று உண்மை: அவர் இடைவெளிகளை நடிப்பால் நிரப்பினார். ஸ்ட்ரைசாண்ட் குரலால் நிரப்பியதை அவர் உடம்பால் நிரப்பினார்.

அடுத்த மாதமே அதே நாடகத்தில், அதே வேஷத்துக்கு பெர்னடெட் பீட்டர்ஸ் வந்தார். சோண்ட்ஹைம் பாட்டுகளோடு கால் நூற்றாண்டு வாழ்ந்தவர். நீட்டிப் பாடத் தெரிந்த தொண்டை. இருந்தும் வரிகளை உடையவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. புதியவரை ஒப்பிடுவதென்றால் இப்படி ஒரே மேடையில், ஒரே இயக்குநரிடம், ஒரே வேஷத்தில் அடுத்தடுத்து நின்ற இருவரை ஒப்பிடுவதுதான் நியாயம். இதில் பீட்டர்ஸுக்கே என் ஓட்டு.

மொத்தத்தில் யார் என்று கேட்டால் ஜூடி டென்ச். 1995-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டெஸிரேயாக நடித்து ஆலிவியர் விருது வாங்கியவர். 2010 கோடையில் சோண்ட்ஹைமின் எண்பதாவது ஆண்டுக்காக ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த பிபிசி கச்சேரியில் மறுபடி பாடினார். அப்போது அவருக்கு வயது 75. ஜேம்ஸ் பாண்ட் படங்களில் 'எம்' ஆக வந்து அதட்டுவாரே, அதே கரகரத் தொண்டை. பாடினார் என்பதைவிட, பேசினார் என்று சொல்லலாம். ஒவ்வொரு துண்டையும் வைத்துவிட்டுப் பதிலுக்காக ஒரு கணம் காத்திருந்தார். பதில் வரவில்லை, அடுத்த துண்டுக்குப் போனார். 1973-இல் சோண்ட்ஹைம் ஒருத்தியின் குறைக்காக விட்ட இடங்கள் அத்தனையும் அங்கே திறந்தபடியே இருந்தன. டென்ச் பாடியதை 'பாட்டே வரவில்லை' என்று உதறுகிறவர்களும் உண்டு. ஸ்ட்ரைசாண்டை அளவுகோலாக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

ஜான்ஸ் 2024 ஜனவரி 4 அன்று, நூறு வயதில் காலமானார். மூல நாடகக் குழுவின் 1973 இசைப்பதிவு இப்போதும் எளிதாகக் கிடைக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு டென்ச், பிறகு சினாட்ரா. ஸ்ட்ரைசாண்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவரை முதலில் கேட்டுவிட்டால் மற்ற எல்லோரும் மூச்சு போதாதவர்களாகத்தான் தெரிவார்கள்.