சட்டப் பேராசிரியர் அம்பேத்கர்

அரசியல் சட்டத்தை வரைந்த மேதை என அண்ணல் அம்பேத்கரைப் போற்றும் நாம், அவர் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றியதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் வட்டார இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறு அது.

1918ஆம் ஆண்டு பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் அவர் பொருளாதாரப் பேராசிரியரானார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பியவர், பொதுப் பானையில் நீர் அருந்துவதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் தடை கூறினர். பட்டம் தீண்டாமையை அகற்றவில்லை. எனினும் அண்ணல் சோர்ந்தாரல்லர். சேமித்த ஊதியத்தோடும், கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அளித்த உதவியோடும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, பாரிஸ்டராகவும் பொருளாதார அறிஞராகவும் திரும்பினார்.

1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியரான அவர், 1935 சூன் திங்களில் அக்கல்லூரியின் முதல்வராகவே அமர்ந்தார். எந்தச் சட்டம் தம் மக்களுக்குத் துணை நிற்கவில்லையோ, அதே சட்டத்தை மற்றவர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது!

அப்பதவி அவருடைய பேனாவைக் கட்டிப்போடவில்லை. முதல்வராக இருந்தபோதே, 1936இல் இலாகூர் மாநாட்டிற்கெனச் சாதி ஒழிப்புப் பற்றிய தலைமையுரையை எழுதினார். கருத்துகளுக்கு அஞ்சி அழைத்தவர்களே மாநாட்டைக் கைவிட்டனர். அண்ணல் ஒரு சொல்லையும் மாற்ற இசையாமல், தம் செலவிலேயே 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். தந்தை பெரியாரின் குடிஅரசு வாயிலாக அவ்வுரை விரைவிலேயே தமிழிலும் வந்தது. பம்பாயில் எழுந்த குரல் இவ்வாறு நம் மண்ணையும் எட்டியது.

1938இல் முதல்வர் பதவியைத் துறந்த அவர், பின்னர்த் தாமே கல்விக்கூடம் காண முனைந்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகம் தோன்றியது. மறு ஆண்டே சித்தார்த்தா கல்லூரியும் எழுந்தது. பிறர் பானையில் நீர் மறுக்கப்பட்டவர், எல்லோரும் பருகும் ஊருணியைத் தாமே வெட்டினார்.

பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி இன்று தனித்தொகுதியாக இருப்பதும், தீண்டாமை குற்றமாக இருப்பதும் அவர் தலைமையில் வரையப்பட்ட அரசியல் சட்டத்தின் பயன்களே. ஆனால் ஏட்டிலுள்ள உரிமையை ஊருக்குள் கொண்டுவரச் சட்டம் கற்றவர்கள் வேண்டும். 1979 முதல் திருச்சியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

வெள்ளி விழாக் காணும் நம் கழகமும் அந்த ஊருணியின் ஓர் ஊற்றே. இளைஞர்களே! கற்பதோடு நில்லாதீர், கற்பிப்பீர், எழுதுவீர். அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.