‘ஃபுல் இன்சூரன்ஸ்’ எவ்வளவு முழுமையானது?

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் பெங்களூரின் பெல்லந்தூர், சர்ஜாப்பூர் சாலை வட்டாரக் குடியிருப்புகளில் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளத்தில் அருகருகே நின்ற மூன்று கார்களுக்கு மூன்று வேறு முடிவுகள் நேரக்கூடும். ‘தேர்ட் பார்ட்டி’ காப்பீடு மட்டும் உள்ள காருக்கு எதுவும் கிடைக்காது. ‘காம்ப்ரிஹென்சிவ்’ காப்பீடு உள்ள காரில் இருக்கைகளும் மின்கம்பிகளும் பழுதானதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் நீர் வடியுமுன் உரிமையாளர் வண்டியைக் கிளப்ப முயன்று எஞ்சின் கெட்டிருந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதமன்று என்று நிறுவனம் பொதுவாக மறுத்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியவருக்கே அதுவும் கிடைக்கும். பேச்சு வழக்கிலோ பின்னவை இரண்டுமே ‘ஃபுல் இன்சூரன்ஸ்’தான்.

இவ்வகைகள் ஒரே காலத்தில் திட்டமிட்டு வகுக்கப்பட்டவை அல்ல. பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைப் பின்பற்றி, இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1939இல் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எனினும் அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். காரைக் காப்பது அதன் நோக்கமன்று. காரால் அடிபட்டவர் வெறுங்கையுடன் திரும்பலாகாது என்பதே நோக்கம். உரிமையாளர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு, ஏனையோர் மூன்றாம் தரப்பு. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இலக்கணப் பாகுபாட்டை இது நினைவூட்டினாலும், இங்கே படர்க்கையின் எல்லை அத்தனை தெளிவானதன்று. இருசக்கர வாகனத்தில் கட்டணமின்றிப் பின்னால் அமர்ந்து சென்றவர், சட்டம் கோரும் குறைந்தபட்சக் காப்பீட்டின் கீழ் இழப்பீடு பெற இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல், திலக் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. சாலையில் நடந்தவருக்குக் கிடைக்கும் காப்பு, வண்டியிலேயே இருந்தவருக்கு இல்லை!

சொந்தச் சேதக் காப்பீடு சட்டத்தால் அன்றி வணிகத்தால் வளர்ந்தது. 2007 ஜனவரி 1 முதல் அதன் கட்டணத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்ளலாம் என்றானது. தேய்மானக் கழிவின்மை, எஞ்சின் பாதுகாப்பு போன்ற கூடுதல் காப்புகள் பெருகியது அதன் பின்னரே. மூன்றாம் தரப்புக் கட்டணம் மட்டும் இன்றும் அரசின் பிடியில் உள்ளது. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு அதனை மூன்றாண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று.

சொற்குழப்பம் வாடிக்கையாளரோடு நின்றுவிடவில்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், வாங்குவோருக்குக் காப்பீட்டு நிபந்தனைகள் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை என்று வருந்தி, புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் ஆகியோருக்கான காப்பும் உடனிருக்க வேண்டுமென்றது. வணிக வழக்கில் அச்சொல் குறிப்பது மனிதரையன்று. பழைய உதிரிபாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஏற்பாட்டையே. நடைமுறைக்கு ஒவ்வாது எனக் கண்டு அடுத்த மாதமே நீதிமன்றம் அவ்வாணையைத் திரும்பப் பெற்றது.