சென்னைக் கல்விச் சங்கம்

சங்கம் என்றவுடன் நம் உள்ளம் மதுரையை நாடும். கடைச்சங்கப் புலவர்களையும், 1901-ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்தையும் எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் சென்னையிலும் ஒரு சங்கம் இருந்தது. அயல்நாட்டார்க்கு நம் மொழிகளைக் கற்பிக்க எழுந்தது அது. ஆங்கிலேயர் அதனைச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்றனர். தமிழ்ப் புலவர்கள் சென்னைக் கல்விச் சங்கம் என்றனர்.

அது தமிழன்பினால் தோன்றியதன்று. ஆட்சித் தேவையினால் தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நிலவரி வாங்கவும் வழக்குத் தீர்க்கவும் இங்கிலாந்திலிருந்து இளைஞர்களை வரவழைத்தனர். அவ்விளைஞர்களுக்குக் குடிகளின் மொழி தெரியாது. உழவன் எழுதிக் கொடுத்த மனு, துபாஷியின் நாவிற் புகுந்து வெளிவந்த பின்னரே துரையின் செவியை எட்டும். இடையில் அது எத்தனை மாற்றம் அடைந்ததென்பதை உழவனும் அறியான், துரையும் அறியார்.

கல்கத்தாவில் 1800-ஆம் ஆண்டில் வில்லியம் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. ஆயினும் ஆங்குப் பாரசீகம், இந்துஸ்தானி, வங்காளி முதலியனவே சிறந்திருந்தன. தென்னாட்டு மொழிகளுக்குத் தென்னாட்டிலேயே கல்லூரி வேண்டுமென்பது தெளிவாயிற்று. சென்னைக் கலெக்டராயிருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் இதற்கு முன்னின்றார். 1812-ஆம் ஆண்டில் கல்லூரி பிறந்தது.

அதன் அன்றாட நடைமுறை தனித்தன்மை வாய்ந்தது. இளைஞர்கள் ஒரு கூடத்தில் திரளாக அமர்ந்து விரிவுரை கேட்கவில்லை. கல்லூரி அவர்களுக்குத் தக்க ஆசிரியர்களை அமர்த்தித் தந்தது; இளைஞர்கள் அவர்களிடம் நேரிற் பாடங் கேட்டனர். ஒவ்வொருவரும் இரண்டு மொழிகள் பயில வேண்டும். ஆண்டிற்கு இருமுறை தேர்வு நடந்தது. தேர்ச்சிக்கேற்பச் சம்பளம் உயர்ந்தது. சிறந்தோர் பரிசும் பெற்றனர்.

இவற்றினும் மேலான ஏற்பாடு ஒன்றுண்டு. மாணாக்கர்க்குக் கற்பிக்குமுன் ஆசிரியர்க்குக் கற்பித்தது அக்கல்லூரி. தமிழுக்கும் தெலுங்கிற்கும் தலைமை ஆசிரியர்கள் இருந்தனர். பிற ஆசிரியர்களுக்கு இலக்கணப் பயிற்சி அளித்தனர். ஏனெனில், பெரும்புலமை உடையாரும் எழுத்தறியாதார்க்கு முதற்பாடம் சொல்லப் புகுங்கால் திகைப்பதுண்டு. நமக்கு இயல்பாக வந்த மொழியைப் பிறர்க்கு விளக்க வேண்டுமாயின், அதன் அமைப்பை முதலில் நாம் ஆராய்ந்தறிதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சியின் பயன் தமிழுக்கே வந்து சேர்ந்தது. கல்லூரிக்கு அச்சுக்கூடமும் நூல்நிலையமும் அமைந்தன. ஏட்டிலிருந்த நூல்கள் அச்சேறின. வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேடித் தொகுக்க 1816-இல் முத்துசாமிப் பிள்ளையை எல்லிஸ் அனுப்பினார்; பிள்ளையவர்கள் 1822-இல் அம்முனிவரின் வரலாற்றையும் எழுதினார். முனிவரின் சதுரகராதி 1824-இல் முழுமையாக அச்சாயிற்று. தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதையைத் தமிழ் உரைநடையிற் பெயர்த்தார். அது 1826-இல் வெளிவந்தது. மாணாக்கர் எளிதிற் பயிலும் பொருட்டு இலக்கணத்தை வினாவிடையாகவும் அவர் எழுதினார்.

மற்றொரு பயனும் விளைந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அடுத்தடுத்துப் பயிற்றப்பட்ட இடத்தில் அவற்றின் உறவு மறைந்திருக்க முடியவில்லை. இம்மொழிகள் வடமொழியினின்று பிறவாத தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816-இல் எல்லிஸ் எழுதினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவருவதற்கு 40 ஆண்டுகட்கு முன்னரே இக்கருத்து அச்சாகிவிட்டது. இதற்குத் தெலுங்குத் தலைமை ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரியார் முதலியோரின் புலமையும் துணை நின்றது. எல்லிஸ் துரை 1819-இல் மறைந்தார். எனினும் கல்லூரி 1854 வரை நிலைத்தது. அது நடந்த வளாகத்தைச் சென்னை நுங்கம்பாக்கத்தில், கல்லூரிச் சாலை என்னும் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இவ்வரலாறு பழங்கதையன்று. நம் குழந்தைகள் வீட்டிலே தமிழ் கேட்கின்றனர். பள்ளியிலோ வேறு எழுத்தைப் படிக்கின்றனர். 'வீட்டில் பேசினாற் போதும், மொழி தானே வரும்' என்றிருப்போமாயின், பேச்சு மட்டும் ஒரு தலைமுறை நிற்கும், எழுத்து நில்லாது. விடுமுறை நாளில் அன்பர் சிலர் வகுப்பெடுப்பது போற்றத்தக்கதே. எனினும் அன்பு மட்டும் பள்ளியாகாது. பயின்ற ஆசிரியர், படிப்படியாக அமைந்த பாடநூல், தவறாத தேர்வு ஆகிய மூன்றும் வேண்டும். நாட்டை ஆள வந்த அயலார் தம் தேவைக்காக இம்மூன்றையும் பொருள் செலவிட்டு அமைத்தனர். நம் மக்கள் பாட்டனார் எழுதும் கடிதத்தைத் தாமே படிக்கும் பொருட்டு அவற்றை அமைத்தல் நமக்கு அரிதாகுமோ?