ஒரு பிள்ளைக்கு எத்தனை பதிவிலக்கம்?

முரசுமோட்டையில் ஓர் அம்மா, காணாமலாக்கப்பட்ட தன் மகனுக்காகச் சேர்த்துவைத்த பத்திரங்களைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நான்கு இடங்களில் பதிந்திருக்கிறார், நான்கு பதிவிலக்கங்கள். மகனின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக இருந்தது. ஊரின் பெயர்கூட ஒன்றில் இரண்டு 'டி', இன்னொன்றில் இரண்டு 'ரி'. "ஒவ்வொருக்காலும் முதலில இருந்து சொல்ல வேணுமே பிள்ளை?" என்று கேட்டார்.

2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, பிறகு 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். 16,000க்கும் மேற்பட்டோரின் விபரங்களைப் பதிந்த சர்வதேச செஞ்சிலுவைக் குழு வேறு. இவற்றை மென்பொருளால் இணைக்க முடியாதா?

இந்த நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாக 'சஹானா'வை உருவாக்கினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் எல்லாம் அதில் பதியப்பட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கத்ரீனா புயலின்போது தேடுவோரின் விபரங்கள் பல இணையத்தளங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பரிமாற 'பிஃபிஃப்' என்ற பொது வடிவம் பிறந்தது. ஒவ்வொரு பதிவும் தான் முதலில் பதியப்பட்ட இடத்தின் அடையாளத்தைச் சுமந்தே செல்லும். இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவை எனத் தெரிந்தால் ஒன்றை அழிப்பதில்லை. இரண்டையும் தொடுத்து ஒரு குறிப்பு எழுதப்படும். எனக்கு மிகப் பிடித்த விதி இதுதான்.

இணைப்புச் சேவையகம் ஒன்றை அடுக்கடுக்காகக் கட்ட வேண்டும். வெளி அடுக்கில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி இணைப்பி. அது ஏபிஐ வழியாகப் பேசும். ஏபிஐயைக் கச்சேரி யன்னல் என்று நினையுங்கள்: படிவத்தைச் சரியாக நிரப்பி நீட்டினால் பதில் வரும், பைல் எந்த அலுமாரியில் என்பது நமக்குத் தேவையில்லை. ஒரு நிறுவனம் படிவத்தை மாற்றினால் அந்த இணைப்பியை மட்டும் திருத்தினால் போதும். அடுத்த அடுக்கு எல்லாவற்றையும் பொது வடிவத்துக்கு மாற்றும். ஆனால் அம்மா முதலில் கொடுத்த வாசகம் தொடப்படாமல் பக்கத்திலேயே இருக்கும். அதற்கடுத்தது ஒப்பிடும் அடுக்கு. 'டி'யும் 'ரி'யும் ஒரே ஊர் என்பதை அது ஊகிக்கலாம், முடிவெடுக்கக் கூடாது. முடிவு மனிதருடையது. பிழையாகத் தொடுத்தால் ஒரு வீட்டின் பிள்ளை இன்னொரு வீட்டின் கணக்கில் போய்விடும்.

இதையெல்லாம் விளக்கியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "இதை ஆர் பார்ப்பினம்?"

அது கடைசி அடுக்கு. பொறியியலாளர்கள் பெரும்பாலும் இறுதியில் சேர்ப்பது. வன்னியில் முதலில் வரைய வேண்டியது. பெயரைத் தேடுபவருக்கு முகவரி தெரியக்கூடாது. சாட்சியின் பெயர் எந்த ஏபிஐ வழியாகவும் வெளியே போகக்கூடாது. யார், எந்தத் திகதியில், எந்தப் பதிவைத் திறந்தார் என்ற குறிப்பு அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். அந்தக் குறிப்பைக் கேட்டுப் பார்க்கும் உரிமை பத்திரப் பையோடு இருக்கும் அம்மாவுக்கு வேண்டும்.