மலைநாட்டுக் காணியும் அந்நியருக்கு இட்ட தடையும்

கண்டி அரசின் பாதுகாப்பு, கோட்டைகளைவிடக் காட்டையே பெரிதும் நம்பியிருந்தது. கணவாய்களை ஒட்டிய காடுகளை வெட்டவோ ஒற்றையடிப் பாதைகளை அகலமாக்கவோ மன்னர்கள் இடங்கொடுக்கவில்லை. ‘கடவத்த’ எனப்பட்ட முள்வாயில்களில் காவல் நிறுத்தி, கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மலைக்குள் காலூன்றாதவாறு தடுத்தனர். 1815இல் கண்டியைக் கைப்பற்றி, 1818இன் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரித்தானியர் இந்த ஏற்பாட்டை முற்றாகக் குலைத்தனர். படைகளை விரைந்து நகர்த்துவதற்கென ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அமைத்தார். நுவரெலியாவும் அவர் காலத்தில் நோயுற்ற படைவீரர் உடல் தேறும் நிலையமாகவே தொடங்கியது.

படைக்காகத் திறந்த வழியில் தோட்டத்துரைமார் வந்தனர். உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ள வழிசெய்த 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தையொட்டி, ஏக்கர் ஒன்று 5 சிலிங் என்ற விலையிலும் காணிகள் கைமாறின. வாங்கியோருள் குடியியல் அதிகாரிகளும் படை அதிகாரிகளும் இருந்தமையால், காணியைக் காக்க வேண்டியவர்களே அதன் உடைமையாளராயினர்.

அந்நியருக்கெதிரான தடை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தபோது, அது முதலில் தாக்கியது இவர்களையல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணி வழங்கலை ‘இலங்கையர்’ என வரையறுக்கப்பட்டோருக்கு ஒதுக்கியதால், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு அதில் இடமில்லாது போயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிரஜையல்லாதவருக்குக் காணி மாற்றினால் அதன் பெறுமதிக்குச் சமமான 100 சதவீத வரி விதித்த 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், மலையிலே பிறந்து மலையிலே உழைத்தவரையும் வெளிநாட்டு முதலீட்டாளரையும் ஒரே வகையில் அடக்கியது. இலண்டனில் பதிவான ஸ்ரேலிங் கம்பனிகளோ 1975 வரை தோட்டங்களை வைத்திருந்தன. இந்த முரண் தற்செயலானதன்று. பிரஜாவுரிமையோடு வாக்குரிமையையும் இழந்த மக்களுக்காக நாடாளுமன்றத்தில் வலுவுடன் பேச மிகச் சிலரே இருந்தனர்.

தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்த 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் அந்நிய உடைமைக்கு முடிவுகட்டின. ஆயினும் பகிர்ந்தளிப்பில் தொழிலாளருக்குப் பெரும்பாலும் பங்கு கிட்டவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக்கொடுக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தின்போது, 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். காணியைக் காக்க உயிர்கொடுத்தவர்களுக்கு அந்தக் காணியில் ஒரு பேர்ச்சுக்கும் உறுதிப்பத்திரம் இருக்கவில்லை.

பாதுகாப்பைக் காரணமாகக் கொண்ட கட்டுப்பாடு இன்று இம்மாவட்டத்தில் 2524 மீற்றர் உயரமான பீதுருதாலகால உச்சியில் தெளிவாகக் காணப்படுகிறது. அது பிரஜைக்கும் பிறநாட்டவருக்கும் பொதுவானது. அந்நியரைத் தனியே கட்டுப்படுத்துவது காணிச் சட்டமே. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கும், 50 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிகளுக்கும் காணி உரித்து மாற்றுவதைச் சில விலக்குகளுடன் தடுத்து, நீண்டகாலக் குத்தகைக்கு மட்டும் இடமளித்தது. 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் பிரஜைகளாகிவிட்டமையால் இத்தடை இந்திய வம்சாவளி மலையகத் தமிழரைச் சாராது. எனினும் தோட்டக் காணி அரசின் உடைமையாகவும் 1992க்குப் பின் கம்பனிகளின் முகாமையிலும் இருப்பதால், லயன் அறைகளில் வாழும் குடும்பங்களுட் பெரும்பாலானவை தம் வீட்டடிக்கு உறுதிப்பத்திரம் இன்றியே இருக்கின்றன.